ராவென்னாவுக்கு ஒரு நாள் போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இத்தாலியின் பொலோன்யாவில் நான்கு நாள் தங்கப்போகிறீர்கள். அறுபத்தெட்டு வயது அம்மா உடன் வருகிறார். ஒரு நாளைப் பக்கத்து ஊரான ராவென்னாவுக்கு ஒதுக்கலாமா, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள எட்டு இடங்களையும் அந்த ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறீர்கள்: போய்வந்த நண்பர் ஒருவர், "இரண்டு பார்த்தால் போதும், எல்லாம் ஒரே மொசைக்தான்" என்றாராம். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். எட்டையும் ஒரே நாளில் ஓடி முடிக்கலாம். ரயிலும் ஒத்துழைக்க வேண்டும், அம்மாவின் முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் அப்படி ஓடி முடித்தவர்கள்தான் ஊருக்கு வந்து எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் ஓடினேன். இரவு அறையில் உட்கார்ந்து யோசித்தபோது தங்க நிறம் மட்டும்தான் நினைவில் இருந்தது. எந்தத் தேவாலயத்தில் எதைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ள என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய கட்டடங்களின் சுவர்ப்பூச்சைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்புக் காரையோடுதான் என் பொழுது போகிறது. அதன் பொருட்டு ராவென்னாவில் ஏழு மாதம் தங்கி ஒரு மொசைக் பட்டறையில் வேலை பழகினேன். அதன்பிறகு நான்கைந்து முறை போயிருக்கிறேன், கடைசி இரண்டு முறை உறவினர் பட்டாளத்தோடு. ஆகவே மொசைக்கின் நிறச் சில்லு எப்படிப் பதிக்கப்பட்டது, எது பழையது, எது பின்னால் ஒட்டுப்போட்டது என்பதில் என் பேச்சை நம்பலாம். கிறிஸ்தவ இறையியலிலும் பேரரசுகளின் வரலாற்றிலும் நான் வெறும் வாசகன்தான். அங்கே அறிஞர்கள் ஒத்துப்போகிற இடத்தையும் சண்டையிடுகிற இடத்தையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

ஊரின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 402இல் மேற்கு ரோமப் பேரரசர் ஹொனோரியஸ் தன் அரசவையை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். காரணம் எளிது: சுற்றிலும் சதுப்பு நிலம், பக்கத்தில் கடற்படைத் துறைமுகம், படையெடுத்து வருகிறவன் சேற்றில் சிக்குவான். 476இல் மேற்குப் பேரரசு முடிந்தது, ஒடோவாக்கர் ஆட்சிக்கு வந்தார். அவரை நீண்ட முற்றுகைக்குப் பிறகு சமாதானம் பேசி விருந்துக்கு அழைத்து, 493இல் தன் கையாலேயே வெட்டிக் கொன்றார் கிழக்கு கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் தியோடோரிக். அதே மனிதர் 526இல் இறக்கும்வரை நடத்தியது இத்தாலி அதுவரை பல பத்தாண்டுகளாகக் காணாத அமைதியான ஆட்சி என்பதையும் சொல்ல வேண்டும். 540இல் பைசாண்டியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் ஊரைக் கைப்பற்றினார். 751இல் லொம்பார்டியர்கள் பிடித்தார்கள். பிறகு வண்டல் சேர்ந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போனது, துறைமுகம் தூர்ந்தது, பெரிய ஆட்கள் ஊரை மறந்தார்கள். அப்படி மறக்கப்பட்டதும் ஒரு காரணமாக, ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மொசைக்குகள் இந்த அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன. செல்வம் தொடர்ந்து கொழித்த ஊராக இருந்திருந்தால் யாராவது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருப்பார்கள்.

402இலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் ஊருக்கு மூன்று விதமான எசமானர்கள்: ரோமர், கோத்தியர், பைசாண்டியர். மூவரும் கிறிஸ்தவர்கள், ஆனால் ஒரே கிறிஸ்தவம் இல்லை. கோத்தியர்கள் 'ஏரியன்' பிரிவினர். நம் ஊர் வாசகர்களுக்காக ஓர் எச்சரிக்கை: தமிழ்ப் பயணக் குறிப்பு ஒன்றில் இதை 'ஆரியர்களின் ஞானஸ்நானக் கூடம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நாம் மேடை போட்டுச் சண்டையிடும் ஆரியர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அலெக்சாந்திரியாவில் ஏரியஸ் என்றொரு குரு இருந்தார். மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர், எனவே தந்தைக்குச் சமமாக என்றென்றும் இருந்தவர் ஆகமாட்டார் என்றார். 325இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் அதைத் தவறான கொள்கை என்று ஒதுக்கியது. கோத்தியர்களோ அந்தக் கொள்கையின் வழியாகவே கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள். எனவே தியோடோரிக்கின் ராவென்னாவில் இரண்டு ஆயர்கள், இரண்டு தலைமைத் தேவாலயங்கள், இரண்டு ஞானஸ்நானக் கூடங்கள். ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு கட்சி அலுவலகங்கள் இருப்பதுபோல. இந்தப் போட்டியைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு மொசைக்கும் முன்னதற்குச் சொன்ன பதிலாகத் தெரியத் தொடங்கும். அதனால்தான் என் ஆலோசனை: எட்டு வேண்டாம், ஐந்து போதும், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் தலைமைத் தேவாலயத்தின் பக்கத்தில் உள்ள நியோனியன் ஞானஸ்நானக் கூடம். ரயில் நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தால் இருபது நிமிடம், மேடு பள்ளம் இல்லாத பாதை. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் எண்கோணம், அவ்வளவுதான். ராவென்னாவின் கட்டடங்கள் எல்லாமே வெளியே வறுமையும் உள்ளே செல்வமுமாக இருப்பவை. அதோடு, நிலம் தாழ்ந்துகொண்டே போனதால் தரையைப் பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். ஆதித் தரை இன்று நீங்கள் நிற்கும் இடத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. கட்டியவர்கள் நினைத்ததைவிடக் குவிமாடம் உங்கள் தலைக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். அது நமக்கு லாபம். ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயர் நியோன் காலத்தில் செய்த மொசைக் அது. நடுவில் யோர்தான் ஆற்றில் இயேசுவின் திருமுழுக்கு, சுற்றிலும் நீலப் பின்னணியில் பன்னிரண்டு சீடர்கள். அவர்கள் நிற்கவில்லை, நடக்கிறார்கள். மேலங்கியின் மடிப்புகள் காற்றில் அசைகின்றன. நடுவில் உள்ள இயேசுவின் தாடி முகத்தை மட்டும் நம்பாதீர்கள். அவர் தலையும் அருகில் நிற்கும் யோவானின் தலையும் கையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீரமைத்தவர்கள் தங்கள் யோசனைப்படி நிரப்பியவை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஏரியன் கூடம். தியோடோரிக் ஆட்சியில், 500ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியது. அளவில் சிறியது, உள்ளே குவிமாடத்து மொசைக்கைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. முதல் பார்வைக்கு 'இதைத்தானே இப்போது பார்த்தோம்' என்று தோன்றும். உங்கள் நண்பருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அம்மாவிடம் பத்திரிகைகளில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' விளையாட்டைப்போல் ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கே நீலம், இங்கே தங்கம். அங்கே நடந்தவர்கள் இங்கே ஏறக்குறைய உறைந்து நிற்கிறார்கள். இங்கே இயேசு தாடியில்லாத இளைஞர், இது பழைய முகம். யோர்தான் நதி ஒரு கிழவராக, தலையில் நண்டின் கொடுக்குகளோடு, இயேசுவுக்குச் சமமான உருவத்தில் உட்கார்ந்திருக்கிறார். சீடர்கள் செல்வது சிலுவை வைத்த ஓர் அரியணையை நோக்கி. 'மகன் தந்தையைவிடக் கீழானவர்' என்ற கொள்கை இந்தப் படத்தில் இருக்கிறதா? இளமையான முகத்தைக் காட்டி ஆம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. தாடியில்லாத இயேசு எதிர்க்கட்சியின் தேவாலயங்களிலும் இருக்கிறார். இரண்டு கூடங்களின் கருவும் ஒன்றுதான். உங்களுக்கு இருப்பது எங்களுக்கும் உண்டு என்று காட்டுவதுதான் கோத்தியர்களின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு தர வேண்டாம்.

மூன்றாவது, சான்ட் அபொல்லினாரே நுவோவோ. ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் எல்லாரும் சான் விட்டாலேயைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். தியோடோரிக் தன் அரண்மனைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்ட தேவாலயம். நீண்ட மண்டபம், இரண்டு பக்கமும் தூண்வரிசை, அதற்கு மேலே சுவர் முழுக்க மூன்று அடுக்காக மொசைக். உச்சியில் இயேசுவின் வாழ்க்கை இருபத்தாறு சிறு கட்டங்களில். இடப்புறம் அற்புதங்கள் செய்கிறபோது தாடியில்லை, வலப்புறம் பாடுகளின் கதையில் தாடி இருக்கிறது. நடு அடுக்கில் சன்னல்களுக்கு இடையே வெள்ளை உடை மனிதர்கள். இந்த இரண்டு அடுக்கும் தியோடோரிக் காலத்தவை. கீழ் அடுக்கில்தான் கதை. இடப்புறம் ராவென்னாவின் துறைமுகமான கிளாஸ்ஸேயிலிருந்து புறப்பட்டு இருபத்திரண்டு கன்னியர், மூன்று ஞானியர் முன்செல்ல, குழந்தையோடு அமர்ந்திருக்கும் மரியாளை நோக்கிப் போகிறார்கள். வலப்புறம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு இருபத்தாறு மறைசாட்சியர் (நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்கள்) இயேசுவை நோக்கிப் போகிறார்கள். தொடக்கத்தில் இந்த ஊர்வலங்கள் அங்கே இல்லை. பைசாண்டியர்கள் ஊரைப் பிடித்த பிறகு, 561 வாக்கில், ஆயர் அக்னெல்லுஸ் இந்தத் தேவாலயத்தைத் தன் சபைக்கு மாற்றி, ஏரியன் எதிர்ப்புக்குப் பேர்பெற்ற புனித மார்ட்டினின் பெயரைச் சூட்டினார். பழைய உருவங்கள் சுவரிலிருந்து நீக்கப்பட்டுப் புதியவை பதிக்கப்பட்டன. மறைசாட்சியர் வரிசையில் முதலில் செல்பவரைப் பாருங்கள். மற்றவர்கள் வெள்ளையில் இருக்க அவர் மட்டும் ஊதா மேலங்கி. அவர்தான் மார்ட்டின். வரிசையின் தலையில் யாரை நிறுத்துவது என்பது அன்றைக்கும் அரசியல்தான்.

இப்போது வலப்புறச் சுவரில் வாசலை ஒட்டியுள்ள அரண்மனைக்கு வாருங்கள். நெற்றியில் அரண்மனை என்று லத்தீனில் எழுதியிருக்கும். வளைவுகளுக்கு நடுவே திரைகள் தொங்கும், நடு வளைவில் வெறும் தங்கம். அந்தத் திரைகள் இருக்குமிடங்களில் முன்பு ஆட்கள் நின்றிருக்கிறார்கள்; தியோடோரிக்கின் அரசவையினர் என்பது பொதுவான கருத்து. சில்லுகளைப் பெயர்த்தவர்கள் உடல்களை எடுத்துவிட்டுத் திரையைப் பதித்தார்கள். ஆனால் அந்த மனிதர்களின் கைகள் சில இடங்களில் தூண்களுக்கு முன்னால் நீண்டிருந்தன. தூணைக் குலைக்காமல் கையை எடுப்பது சிரமம். விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் வெள்ளைத் தூண்களின் மேல், உடல் இல்லாத கைகள் சில அப்படியே இருக்கின்றன. நான் அதைச் சோம்பல் என்று சொல்லமாட்டேன். சாரத்தின் மேல் நின்று வேலை செய்தவன் என்ற முறையில், நேரமும் கூலியும் கணக்குப் பார்த்த ஒரு மேஸ்திரியின் முடிவாகத்தான் எனக்குப் படுகிறது. வேண்டுமென்றே, அழித்தோம் என்று தெரியட்டும் என விட்டார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு; அதற்கும் இடமிருக்கிறது. எதிர்ச்சுவரில் கிளாஸ்ஸே நகரின் மதிலிலும் ஆட்களை எடுத்துவிட்டுச் செங்கல் வரிசை நிரப்பியிருக்கிறார்கள். நிறம் மாறுவதைக் கவனித்தால் தெரியும். வாசலின் உட்புறச் சுவரில் ஜஸ்டினியன் என்று பெயர் எழுதிய ஒரு முகம் உண்டு. அது தியோடோரிக்காக இருந்து பெயர் மாற்றப்பட்டது என்று ஒரு வாதம் நெடுநாளாக ஓடுகிறது. முடிவாகவில்லை, அந்த முகமும் பின்னாளில் கைபட்டது.

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொசைக் என்றதும் நம் பலருக்கும் எண்பதுகளில் கட்டிய வீட்டின் தரை நினைவுக்கு வரும்: சிமென்டில் கல் சில்லுகளைக் கலந்து, காய்ந்த பின் இயந்திரம் வைத்து வழவழப்பாகத் தேய்த்தது. ராவென்னாவில் இருப்பது அதற்கு நேர் எதிரான வேலை. ஈரச் சுண்ணாம்பில், அது இறுகுவதற்குள், ஒவ்வொரு சில்லாக விரலால் அழுத்திப் பதித்தது. பெரும்பாலும் நிறக் கண்ணாடி, இடையிடையே கல். தங்கச் சில்லு என்பது கண்ணாடியின் மேல் தங்கத் தகடு வைத்து, அதன் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் மூடியது. பதிக்கிறபோது எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வைக்கமாட்டார்கள். ஒன்று இப்படிச் சாயும், இன்னொன்று அப்படி. அதனால்தான் நீங்கள் இரண்டு அடி நகர்ந்தால் வெளிச்சமும் நகர்கிறது. பிற்காலத்து ஒட்டுகள் பலவற்றில் இந்தச் சாய்வு இல்லை. அந்த இடம் தகரம்போல மொத்தமாக மின்னும், அல்லது மொத்தமாக மங்கும். பழையதையும் புதியதையும் பிரிக்க இது நூற்றுக்கு நூறு பலிக்கும் வழியில்லை, ஆனாலும் கீழே நிற்பவருக்குக் கிடைக்கிற நல்ல துப்பு. ஆகையால் ஒரே இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். பார்த்துக்கொண்டே நடங்கள், பின்னால் வருகிறவர் மேல் இடிக்காமல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரின் வடமேற்கு மூலைக்கு. அங்கே ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள்: சிலுவை வடிவில் குட்டியாக கால்லா பிளாசிடியாவின் கல்லறை, பக்கத்தில் சான் விட்டாலே. கால்லா பிளாசிடியா பேரரசர் தியோடோசியஸின் மகள். ரோமைச் சூறையாடிய கோத்தியர்கள் பிடித்துச் சென்ற கைதி, பிறகு கோத்திய அரசர் அதாவுல்ஃபின் மனைவி, பிறகு ரோமப் பேரரசரின் மனைவி, பிறகு சிறுவனான மகன் பெயரில் மேற்குப் பேரரசை நடத்தியவர். இத்தனை வாழ்ந்தவர் 450இல் ரோமில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. உள்ளே மூன்று கல் பேழைகள் இருந்தாலும் 'கல்லறை' என்ற பெயர் மரபால் வந்தது. கட்டடம் ஐந்தாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. உள்ளே அடர்நீல வானம், அதில் வட்ட வட்டமாகத் தங்க விண்மீன்கள், நடுவை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும். அதனால் தாழ்ந்த கூரை உயர்ந்துவிட்டதுபோல் ஒரு மயக்கம். இரும்புக் கட்டிலின் கீழ் நெருப்பு எரிய அதை நோக்கி ஓடிவரும் புனிதரை லாரன்ஸ் என்பார்கள், வின்சென்ட் என்போரும் உண்டு. சன்னல்களில் தேன் நிறத்தில் வெளிச்சத்தை வடிக்கும் மென்கல் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தவை. 'ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைய ஒளி' என்று வழிகாட்டிகள் உருகினால் புன்னகைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் அதிகமான மாதங்களில் இங்கே ஐந்து நிமிடம்தான் தருவார்கள். வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் முதல் இரண்டு நிமிடம் கண் இருட்டுக்குப் பழகுவதிலேயே போய்விடும். வரிசையில் நிற்கும்போதே குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது நிழலில் நின்று கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதைக் கடைசி அரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சான் விட்டாலேயைப் பற்றி இணையத்தில் நிறையவே கிடைக்கும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கோத்தியர் ஆட்சியில் தொடங்கி, ஜூலியானுஸ் என்ற செல்வந்தரின் பணத்தில் எழும்பி, பைசாண்டியர் ஆட்சியில் 547இல் ஆயர் மாக்சிமியன் அர்ச்சித்த, அதாவது வழிபாட்டுக்குப் புனிதப்படுத்திய, எண்கோணத் தேவாலயம். குவிமாடத்தின் உள்ளே கனத்தைக் குறைக்க, ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுட்டமண் குழாய்களை வளையங்களாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்திருக்கிறார்கள். என் போன்றவர்கள் மணிக்கணக்கில் பேசுவோம், உங்களுக்கு அது கண்ணில் படாது. கண்ணில் படுவது பதினெட்டாம் நூற்றாண்டு வண்ண ஓவியம். அதைப் பார்த்து ஏமாந்து வெளியேறாமல் கிழக்கே பீடப் பகுதிக்குப் போங்கள். அங்கே இடப்புறச் சுவரில் பேரரசர் ஜஸ்டினியன், எதிரே பேரரசி தியோடோரா. இருவரும் ராவென்னாவுக்கு வந்ததே இல்லை. மொசைக் பதித்த சூடு ஆறுவதற்குள், 548இல், தியோடோரா இறந்தும்போனார். அவர் மணிமுடியின் முத்துகள் முத்துச்சிப்பியில் வெட்டியவை; உடையின் கீழ்க்கரையில் மூன்று ஞானியர் காணிக்கை ஏந்தி வருகிறார்கள். ஜஸ்டினியனின் பலகையில் ஒரே ஒருவருக்குத்தான் பெயர் எழுதியிருக்கிறது, அதுவும் பேரரசருக்கு இல்லை: மாக்சிமியானுஸ், உள்ளூர் ஆயர். அந்தத் தலை முந்தைய ஆயரின் தலையைப் பெயர்த்துவிட்டு வைத்தது என்று சில்லுகளை அருகிலிருந்து ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில் நம்பத் தகுந்ததாகவே இருக்கிறது. ஜஸ்டினியனுக்கு அருகில் நிற்கும் தாடிக்காரர் பெலிசாரியஸ் என்பது எல்லாரும் சொல்வது, யாரும் நிரூபிக்காதது.

விட்டுவிடச் சொன்ன மூன்றும் மோசமானவை என்று எண்ணிவிடாதீர்கள். ஆயர் இல்லத்துச் சிற்றாலயம் நியோனியன் கூடத்துக்கு அடுத்த வாசல்தான், அதே டிக்கெட்டில் அடங்கும். அம்மாவுக்குப் படியேற முடியுமானால் சேர்த்துக்கொள்ளலாம். போர்வீரன் உடையில் சிங்கத்தையும் பாம்பையும் மிதித்து நிற்கும் இயேசுவும், மாக்சிமியனின் யானைத்தந்த நாற்காலியும் அங்கே இருக்கின்றன. தியோடோரிக்கின் கல்லறை ரயில் பாதைக்கு அப்பால் தனியே நிற்கிறது. மொசைக் கிடையாது, சுமார் பத்து மீட்டர் விட்டமுள்ள ஒரே கல்லில் கூரை, கடல் கடந்து இஸ்திரியாவிலிருந்து வந்தது. எடையை 230 டன் என்றும் 300 டன் என்றும் கணக்கிடுகிறார்கள். அதில் உள்ள விரிசலை மின்னல் பிளந்தது என்பது கதை. தூக்கி வைக்கும்போது விழுந்த விரிசல் என்பது கட்டடக்காரர்களுக்குத் தோன்றுவது. கிளாஸ்ஸேயில் உள்ள சான்ட் அபொல்லினாரே ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி, வயல்வெளியில் இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் ஆடுகளும், மேலே நீல வட்டத்துள் சிலுவையுமாக 549இல் அர்ச்சித்த அந்தப் பீட மாடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பஸ்ஸில் போய்வர இரண்டரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ராவென்னாவில் ஓர் இரவு தங்க முடிந்தால் மறுநாள் காலையில் போங்கள்; இல்லையென்றால் மனமறிந்து விட்டுவிடுங்கள்.

வழியில் தாந்தேயின் கல்லறை வரும். ஃபுளோரன்ஸ் நாடுகடத்திய கவிஞர் 1321இல் இங்கேதான் இறந்தார். பின்னாளில் ஃபுளோரன்ஸ் எலும்புகளைத் திருப்பிக் கேட்டு, போப்பின் அனுமதியும் வாங்கி வந்தபோது பேழை காலியாக இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865இல்தான் ஒரு சுவரை இடிக்கும்போது மரப்பெட்டியில் கிடைத்தன. உள்ளே எரியும் விளக்குக்கு இன்றும் ஆண்டுதோறும் ஃபுளோரன்ஸ்தான் எண்ணெய் கொடுக்கிறது. ஐந்து நிமிடம் போதும். அடுத்துள்ள சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தில் பீடத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள்: நிலத்தடி நீர் தேங்கிய நிலவறை, தண்ணீருக்கடியில் மொசைக் தரை, அதன் மேல் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும்.

இனி நடைமுறை. பொலோன்யாவிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். நான் சொன்ன ஐந்தில் நான்கு, மறைமாவட்டத்தின் ஒரே கூட்டு டிக்கெட்டில் வரும். ஏரியன் கூடம் அதில் சேராது. கால்லா பிளாசிடியாவுக்கும் நியோனியன் கூடத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணமும் திறப்பு நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இங்கே எண் எதுவும் தரவில்லை. போகிற வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏரியன் கூடம் பிற்பகலில் திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து. முதலில் கால்லா பிளாசிடியாவின் நேரத்தைப் பிற்பகல் மூன்று மணி வாக்கில் பிடியுங்கள், ரயிலை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என் உறவினர்களோடு காபிக் கடையில் அரட்டையில் அமர்ந்து அந்த நேரத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன். சித்தி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

சைவம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஊரின் எளிய உணவு பியாதினா, நம் மைதா ரொட்டியைப் போன்றது. பழைய முறையில் மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். 'ஸ்ட்ருத்தோ' இல்லாமல், ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் இரண்டும் கிடைக்கும். உள்ளே ஸ்க்வாக்கெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியும் கீரையும் வைக்கச் சொல்லலாம். கப்பெல்லெத்தி என்ற பூரணம் வைத்த பாஸ்தாவின் உள்ளே இந்த ஊரில் பாலாடைக்கட்டிதான், ஆனால் அது மிதக்கும் சாறு கோழியில் காய்ச்சியது. பிற்பகல் இரண்டரைக்கு மேல் பெரும்பாலான உணவகங்கள் மூடிவிடும். பசி தாங்காதவர்கள் ஒரு மணிக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது.

அம்மாவுக்காக இரண்டு விஷயம். நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும். சின்னத் தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே மேல் அடுக்குக் கட்டங்கள் வரை தெரியும். சான்ட் அபொல்லினாரே நுவோவோவில் இடப்பக்கம், வாசலை ஒட்டி அவரை உட்கார வைத்து, எதிரே உள்ள அரண்மனையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூண்களின் மேல் உள்ள கைகளைப் பற்றி முன்கூட்டி வாய் திறந்துவிடாதீர்கள். அவரே கண்டுபிடிக்கட்டும்.